பெரிய மனது யாருக்கு வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இதழில் வங்கி வரிசைப் படம் ஒன்று போட்டிருந்தீர்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் முன்னால் போகிறார். படத்துக்குக் கீழே, "காத்திருந்தவர்கள் பெரிய மனதோடு வழிவிட்டனர்" என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

எனக்கு வயது 58. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து, இடது காலில் கேலிப்பர், அதாவது முட்டியில் பூட்டு வைத்து காலைத் தாங்கும் சட்டம். அந்தப் பெரிய மனதை நாற்பது வருடமாகப் பார்த்துவிட்டேன். முன்னால் போங்க என்பார்கள். போனதும் பின்னாலிருந்து, "இவங்களுக்கென்னப்பா, ராஜ மரியாதை" என்று ஒரு குரல் வரும். முன்னால் விடுங்கள் என்று நான் கேட்டதே இல்லை. என் முறை வரும்வரை உட்கார ஓர் இடம்தான் கேட்டேன்.

அந்தப் பூட்டைக் கையால் தூக்கினால்தான் என் கால் மடங்கும். எழுந்திருக்கும்போது காலை நீட்டி, பூட்டு 'டக்'கென்று விழுந்ததா என்று பார்த்துத்தான் ஊன்றவேண்டும். அது விழாவிட்டால் நான் விழுவேன். இரண்டு நிமிடத்துக்கு ஓரடி நகரும் வரிசையில் இதை எத்தனை தடவை செய்வது? டோக்கன் கொடுத்து உட்கார வைக்கலாம். எங்கள் ஊர்க் கிளை ஒன்றில் அதையும் வைத்தார்கள். எண் திரையில் மின்னும், சத்தம் வராது. கண் தெரியாத என் நண்பர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் நம்பர் எப்போதோ போய்விட்டது. "கேட்டிருக்கலாமே சார்" என்றார்களாம்.

கோயில் வரிசைக் கம்பியை டேப் வைத்து அளந்தேன், இரண்டடிதான். சக்கர நாற்காலி தாராளமாகப் போக 90 சென்டிமீட்டராவது வேண்டும். சாமிக்கு எங்களைத் தெரியும், கம்பி அடித்தவருக்குத்தான் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியாத சட்டமா? 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2017 ஜூனில் விதிகள் வந்தன. சேவை தருகிறவர்கள் எங்களுக்கு ஏற்றபடி வசதி செய்ய இரண்டு வருடக் கெடு, அதுவும் 2019-இல் முடிந்தது. தனி கவுன்ட்டரோ முன்னுரிமை கவுன்ட்டரோ வையுங்கள் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சுற்றறிக்கை விட்டது. எங்கள் கிளையில் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதன் கீழே நகைக்கடன் நடக்கிறது. அந்த விதிகளில் வசதிகளைக் கட்டாயமாக்காத விதி செல்லாது, மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொன்னது. இதில் எதுவுமே படத்துக்குக் கீழே எழுதத் தோன்றவில்லையா?

கடைசியாக ஒன்று. உங்கள் பத்திரிகையின் விளம்பர கவுன்ட்டருக்கு ஏற மூன்று படி. கைப்பிடி கிடையாது. அம்மாவின் நினைவஞ்சலி கொடுக்க வந்தவன், வாசலில் நின்று காவலாளியிடம் தாளையும் பணத்தையும் கொடுத்தனுப்பினேன். அம்மா பெயரில் எழுத்துப் பிழையோடு அச்சாகி வந்தது. திருத்தம் கேட்டு மறுபடி அந்தப் படியேற எனக்குத் தெம்பில்லை.

தயவுசெய்து ஒரு கைப்பிடி போடுங்கள். கவுன்ட்டர் பக்கத்தில் கை வைத்த நாற்காலி ஒன்று. பிளாஸ்டிக் வேண்டாம், எழும்போது வழுக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருநெல்வேலி டவுன்.