அதற்கடுத்த வேலையும் கிடைக்கும் ஊரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையிழந்தவர்கள் வேறு நகரத்துக்குக் குடிபெயர்வது பற்றித் தரப்படும் ஆலோசனைகள் பெரும்பாலும் வீட்டு வாடகையிலிருந்தே தொடங்குகின்றன. சேமிப்பு கரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் கவலை இயல்பானதுதான்; ஆனால் வாடகை குறைந்த ஊர்களில் பல, வேலைவாய்ப்பு சுருங்கியதாலேயே மலிவாகிப்போனவை என்பதை எவரும் அழுத்திச் சொல்வதில்லை.

புதிய ஊரில் வேலை கிடைக்குமா என்பதோடு நிறுத்திவிடாமல், அந்த வேலையும் போய்விட்டால் மறுபடியும் ஊர் மாறாமல் இன்னொன்றைத் தேடிக்கொள்ள முடியுமா என்றும் கேட்டாக வேண்டும். கார் ஆலைகளை நம்பி வளர்ந்த அமெரிக்க நகரமான டெட்ராய்ட்டில் 1950-இல் சுமார் 18.5 லட்சம் பேர் வாழ்ந்தனர். 2020 கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை 6.4 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. இடையில், 2013-இல், நகர நிர்வாகமே திவால் மனு தாக்கல் செய்தது. இந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், ஒரே தொழிலைச் சார்ந்த ஊரில் அத்தொழில் நொடிக்கும்போது சம்பளம் நிற்பதோடு வீட்டின் விலையும் சேர்ந்தே விழுவதால், சொந்த வீடு வாங்கியவர் அதை விற்றுவிட்டுக் கிளம்பவும் வழியின்றி மாட்டிக்கொள்கிறார். மாறாக, 1980-களில் எஃகு ஆலைகளை இழந்த இன்னொரு அமெரிக்க நகரமான பிட்ஸ்பர்க், பின்னாளில் ஓரளவு தலைநிமிர்ந்ததற்கு அங்கிருந்த பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் பெரிதும் உதவின. கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்கும் குடும்பமானால், இருவரின் தொழிலுக்கும் அந்த ஊரில் இடமிருக்க வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

உறவினர் இருக்கும் ஊருக்கே போகலாம் என்பது அடுத்து வரும் யோசனை. தங்க இடம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தத் தகவல், அடிக்கடி சந்திக்கும் நெருக்கமானவர்களிடமிருந்து வராமல், எப்போதாவது பார்க்கும் அறிமுகங்களிடமிருந்தே வந்ததாகக் காட்டினார். ஆகவே, பழைய சக ஊழியர்கள் எந்தெந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்று முதலில் விசாரிப்பது நல்லது. அவர்களை அழைத்துப் பேசக் கூச்சமாக இருக்கும். வேலை போனதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நகரங்களை ஒப்பிட்டுக் கட்டுரைகள் வெளியிடும்போது, வாடகையோடு, ஒவ்வொரு தொழிலிலும் அங்கே எத்தனை நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன என்ற விவரத்தையும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்