சனிக்கிழமைக் கூலி

கடலூர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு யாவரும் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "நல்லா இருக்கேம்பா" என்று சொன்னதும் எனக்குப் பேச்சு தீர்ந்துபோகிறது. எழுதினால் கொஞ்சம் நிதானமாகச் சொல்லலாம்.

மழை பிடித்துக்கொண்டது. கெடிலத்தில் தண்ணீர் ஓடுகிறது. நெல்லிக்குப்பம் விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அம்மா இன்னும் பேசவில்லை. நீயும் இப்போதைக்கு அத்தைக்குப் போன் போடாதே. முதுநகரில் ரெண்டு படகுக்குப் பெயர் எழுதக் கூப்பிட்டிருக்கிறார்கள், வெயில் அடித்ததும் போவேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

தீபாவளிக்கு வரவில்லை, ஆபீசில் எல்லாரும் சேர்ந்து கொண்டாடப் போகிறோம் என்று சொன்னாய். அம்மாவுக்கு வருத்தம். எனக்கும்தான். ஆனால் இந்த வீட்டில் தீபாவளிக்கு வீடு தங்காத ஆள் யார் என்று பார்த்தால் அது நான்தான். தீபாவளிக்குத்தானே பெரிய படங்கள் எல்லாம் வரும். விடிகிற நேரம் தியேட்டர் வாசலில் பேனர் நிற்க வேண்டும். முதல் நாள் ராத்திரி முழுக்க பேனர் வரைகிற ஷெட்டில்தான் இருப்போம். அம்மா நல்லெண்ணெயையும் சீயக்காயையும் தூக்கில் போட்டு உன் அண்ணனிடம் கொடுத்தனுப்புவாள். பேனரை ஏற்றிக் கட்டிவிட்டு, தியேட்டருக்குப் பின்னால் இருந்த அடிபம்பில் நாங்கள் எல்லாரும் வரிசையாக எண்ணெய் தேய்த்துக் குளிப்போம். ஒருத்தன் அடிப்பான், ஒருத்தன் குளிப்பான். எனாமல் பெயின்ட் எண்ணெயில் போகுமா? கையில் நீலமும் சிவப்புமாகத்தான் பலகாரம் சாப்பிடுவோம். அதனால் கூட வேலை செய்கிறவர்களோடு தீபாவளி என்று நீ சொன்னால் எனக்குப் புரியாமல் இல்லை.

திருப்பாப்புலியூர் ஷெட்டு உனக்கு நினைவிருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். வியாழக்கிழமை ராத்திரி ஒரு பேனரில் ஐந்தாறு பேர் ஏறி நிற்போம். சின்னப் பையன் காடாத் துணிக்கு வஜ்ரப் பசையும் ஜிங்க் ஒயிட்டும் கலந்து பூசிக் காயவைத்திருப்பான். பண்ருட்டி பெரியப்பா போட்டோவில் சின்னச் சின்னதாகக் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் நூல் அடித்துப் பெரிதாக்குவார். ஒருத்தர் துணிமணிக்கு மட்டும் கலர், ஒருத்தர் பின்னணி, நான் எழுத்து. முகத்தைக் கடைசியில் கடை முதலாளி வாத்தியார் வந்து முடிப்பார். கண் வைத்தார் என்றால் சுற்றி நிற்கிற எல்லாருக்கும் ஒரு தெம்பு வரும். முகம் பேசிவிட்டது என்றால் அந்த ஷெட்டில் இருந்த எல்லாருடைய முகமும்தான். பேனர் மூலையில் கடைப் பெயர் மட்டும் இருக்கும், எங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியும், அது போதுமாக இருந்தது.

உன் சினிமா கிராபிக்ஸ் வேலையைப் பற்றி நீ சொன்னபோது நான் அதைத்தான் நினைத்தேன். ஒருத்தர் கோடு பிடித்து ஆளை மட்டும் வெட்டி எடுக்கிறார், ஒருத்தர் கம்பியையும் கயிற்றையும் அழிக்கிறார், நீ எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டி வெளிச்சத்தைச் சரி பண்ணுகிறாய். பார்க்கிறவனுக்கு ஒட்டியது தெரியவே கூடாது என்றாய். அந்தப் படத்தை அம்மாவும் நானும் போய்ப் பார்த்தோம். கடைசியில் ஓடிய எழுத்தில் உங்கள் கம்பெனி பெயர் மட்டும் வந்தது, உன் பெயர் வரவில்லை. அந்தக் கடல் உன் கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தேவனாம்பட்டினத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் ஒரு பச்சைக்கு மாறும், அதைப் பார்த்து வளராதவரால் அப்படிப் போட முடியாது. பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

உன்கூட வேலை செய்கிற அந்தக் கேரளாப் பெண், ஒரிசாப் பையன், கல்கத்தாப் பெண் எல்லாரையும் நான் பார்த்ததில்லை. பேச்சில் மூன்று பேரையும் பழகிவிட்டேன். உனக்கு டெங்கு வந்தபோது கேரளாப் பெண் ராத்திரி பகல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தாள். பிளேட்லெட் இறங்கியதும் ஒரிசாப் பையன் ரத்தத்துக்கு அலைந்தான். எங்களுக்கு நீ வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் தெரியும். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை பாப்பா. ராத்திரி பஸ் பிடித்தால் விடிவதற்குள் வந்திருப்போமே. ஆனாலும் உன்னைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டார்களே என்று அம்மா பாடலீஸ்வரர் கோயிலில் அவர்கள் பெயருக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தாள். நட்சத்திரம் தெரியாததால் உன் நட்சத்திரத்தையே சொல்லிவிட்டாள். அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

சந்தேகம் வேறு இடத்தில். போன வாரம் பேசும்போது ஒரு வார்த்தை சொன்னாய். "கம்பெனியே ஒரு குடும்பம் மாதிரிப்பா, கஷ்டமான நேரத்துல விட்டுட்டுப் போக முடியுமா" என்றாய். என்ன கஷ்டம் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அம்மா அதற்குள் போனை வாங்கிக்கொண்டாள்.

வாத்தியார் எங்களைப் பிள்ளைகளே என்றுதான் கூப்பிடுவார். சனிக்கிழமை ராத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கூலி பிரிப்பார். முதலில் சின்னப் பையனுக்கு, அப்புறம் கலர் அடித்தவர்களுக்கு, பிறகு எழுத்துக்காரனான எனக்கு, பெரியப்பாவுக்கு. தனக்குக் கடைசியில். கடைசியில் ஒன்றும் இல்லாத சனிக்கிழமையும் உண்டு. படத்துக்காரர்கள் பணம் இழுத்தடிப்பது வழக்கம்தான். அந்த வாரத்தில் வாத்தியாரம்மா கழுத்து வெறுமையாக இருக்கும், எங்கள் கை வெறுமையாகப் போகாது. ராத்திரி வேலைக்குப் பேட்டா தனி. பிள்ளைகள் என்று சொல்லிக் கூலியைத் தள்ளிப்போட்டதே இல்லை அவர். பிள்ளைகள் என்பதால்தான் முதலில் கொடுத்தார். எங்களுக்குள் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. பெரியப்பாவும் நானும் ஒரு வருஷம் பேசாமலே ஒரே ஏணியில் நின்று வேலை செய்திருக்கிறோம். அப்படியும் அந்த ஷெட்டு ஒரு குடும்பமாக நின்றது என்றால் அந்தச் சனிக்கிழமைக் கூலியில்தான் நின்றது.

கூட வேலை செய்கிறவர்கள் உனக்குக் குடும்பம் ஆவது ஒன்று. மேலே உட்கார்ந்திருப்பவர் மீட்டிங் போட்டு "நாமெல்லாம் ஒரு குடும்பம்" என்று சொல்வது வேறு. அவர் எப்போது சொல்கிறார் என்று கவனி. போனஸ் கொடுக்கிற அன்றைக்குச் சொல்கிறாரா, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிற அன்றைக்குச் சொல்கிறாரா?

பொதுவாகத்தான் சொல்கிறேன். 2023-இல் அமெரிக்காவில் எழுத்தாளர்கள் மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், ஜூலையில் நடிகர்களும் சேர்ந்தார்கள். அவர்கள் அங்கே நிறுத்தினால் பெங்களூரில் உனக்கு ஏன் வேலை குறைகிறது என்று கேட்டேன். ஷூட்டிங் நடந்தால்தான் ஷாட் வரும், இன்றைக்கு அங்கே ஷூட்டிங் நின்றால் பல மாதம் கழித்து இங்கே மேசை காலியாகும் என்று நீ விளக்கினாய். எவ்வளவு தெளிவாகச் சொன்னாய்! 2025 பிப்ரவரியில் உங்கள் ஊரிலேயே ஒரு பெரிய கிராபிக்ஸ் கம்பெனி நின்றுபோய் ஆயிரக்கணக்கான பேர் தெருவுக்கு வந்ததையும் பேப்பரில் படித்தேன். அன்று ராத்திரி அம்மாவிடம் சொல்லவில்லை. இதெல்லாம் யார் கையிலும் இல்லைதான். ஆனால் வேலை இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்வது முதலாளி கையில் இருக்கிறது. பிளெக்ஸ் வந்து எங்கள் தொழிலைத் தின்றபோது வாத்தியார் ஆயுதபூஜை முடிந்ததும் எங்களை உட்கார வைத்தார். "தையோடு மூடிடுவேன், இப்பவே வேற இடம் பாத்துக்கங்க, வந்து வேலை செய்யற நாளுக்குக் கூலி உண்டு" என்றார். அவர் அழவில்லை. பெரியப்பாதான் அழுதார். தை வரைக்கும் சொன்னபடி கொடுத்தார்.

ஷெட்டு போனால் எல்லாம் போய்விடும் என்று உனக்குப் பயம் இருக்கலாம். அந்த இடத்தை விட்டால் இந்தப் பிள்ளைகளையும் விட்டதாகிவிடும் என்று நினைக்கிறாயோ என்னவோ. 2011 டிசம்பர் 31 நினைவிருக்கிறதா? தானே புயல் அடித்த மறுநாள். கரண்டு இல்லை, போன் இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. கடை மூடி வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. அவரவர் பிழைப்பு அவரவருக்கு. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு, விழுந்த மரங்களில் தூக்கித் தூக்கி இறக்கி பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கலர் அடிக்கிற ரெண்டு பேர் எனக்கு முன்னால் வந்து கூரைமேல் நின்றிருந்தார்கள். சின்னப் பையன், அப்போது அவனுக்கே கல்யாணம் ஆகிவிட்டது, பழைய பேனர் துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தான். பறந்துபோன ஓட்டுக்கு அதைத்தான் இழுத்துக் கட்டினோம். எங்களை அங்கே யாரும் சம்பளத்துக்கு வைத்திருக்கவில்லை. வேலை நின்றால் போகிற உறவு இல்லை அது. உன் கேரளாப் பெண்ணும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ வேறு இடத்துக்குப் போனாலும் அவள் உன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாள்.

அப்புறம், பொதுவாகத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். 1936-லேயே வந்த சட்டம் இது, ஆயிரம் பேருக்கு மேல் இருந்த இடங்களுக்குப் பத்தாம் தேதி என்று வைத்திருந்தார்கள். இப்போது சட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது, ஏழாம் தேதி மாறவில்லை. வேலையை விட்டு நின்றால் ரெண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். பி.எஃப். பணம் மாதாமாதம் பதினைந்தாம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும், பாஸ்புக்கைத் திறந்து பார். நமக்குப் பிடித்தம் செய்துவிட்டு அங்கே கட்டாமல் விடுகிற இடங்களும் உண்டு. வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு, அவர்கள் அனுப்பிய மெயில் எல்லாவற்றையும் உன் சொந்த மெயிலுக்கு எடுத்து வை. ஒருத்தராகக் கேட்காதீர்கள். நாலு பேரும் சேர்ந்து, எழுத்தில், மரியாதையாகக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் துரோகம் என்று சொல்ல முடியாது. பேப்பர்களை எடுத்து வை. சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். தீபாவளித் துணிக்கு. துணிக்கு இவ்வளவா என்று கேட்காதே, அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். திருப்பி அனுப்பினால் எனக்குக் கோபம் வரும். மொசைக் போட வைத்திருந்த பணம் என்று அம்மா சொல்லுவாள். அதை நம்பாதே, மொசைக் அடுத்த வருஷம்தான் என்று எப்போதோ முடிவாகிவிட்டது.

இங்கே வருவது பற்றி நான் இனி ஒன்றும் சொல்லமாட்டேன். நீ வந்தால் ஒரு மாதம் தங்கலாம், ரெண்டு மாதமும் தங்கலாம். ஏன் வந்தாய் என்று அக்கம்பக்கத்தில் யாரும் கேட்க நான் விடமாட்டேன். கம்ப்யூட்டர் வைக்க அண்ணன் அறையில் மேசை காலியாகத்தான் இருக்கிறது. வரும்போது மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வா. மாடியில் பாய் போட்டால் தாராளமாக இடம் இருக்கிறது. கல்கத்தாக்காரர்களுக்கு ஆற்று மீன்தான் பிடிக்குமாமே, கடல் மீன் சாப்பிடுவாளா என்று அம்மா கேட்கச் சொன்னாள். சங்கரா வாங்கலாமா, வஞ்சிரமே வாங்கிவிடலாமா என்று அவளுக்கு இப்போதே யோசனை.

பெரியப்பாவுக்கு ஒரு போன் போடு. உன்னைப் பற்றி நானாக எதுவும் சொல்லவில்லை. அவரே "குட்டி சம்பளமெல்லாம் ஒழுங்கா வருதா" என்று கேட்டார். வருகிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: உன் வாடகை வீட்டு ஓனர் நம்பரை எனக்கு அனுப்பு. வேறொன்றும் இல்லை, ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும் என்றுதான்.