ஆலப்புழைக்கு வேன் எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அலுவலக நண்பர்கள், கல்லூரித் தோழர்கள், குடியிருப்புச் சங்கத்தார், சொந்தபந்தம் என்று கூட்டமாகச் சேர்ந்து நம் ஊர்களிலிருந்து ஆலப்புழைக்குப் போகிறவர்கள் ஏராளம். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். வேன் பேசுவது, ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வசூலிப்பது, படகு வீட்டுக்கு முன்பணம் அனுப்புவது எல்லாம் அவர் தலையில்தான் விழும். இந்த மடல் முக்கியமாக அவருக்கு.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நாம் சுற்றிப் பார்க்கப் போகிற தண்ணீரில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதை, வண்டி கிளம்பும் முன்பே குழுவுக்குச் சொல்லிவிடுங்கள்.

புன்னமடைக் காயலில் படகு வீடு கிளம்பியதும் பாட்டுப் பெட்டியை முழுச் சத்தத்தில் வைக்கிறோம். இருபுறமும் தென்னை, நடுவில் தண்ணீர், தலைக்கு மேல் வெயில். ஆளில்லாத இடம் போலத்தான் தோன்றும். ஆனால் கைனகரி, நெடுமுடி, புளிங்குன்னு பக்கம் கொஞ்சம் நிதானமாகக் கரையைப் பாருங்கள். வீட்டு வாசலில் இறங்கும் படிக்கட்டு நேராகத் தண்ணீருக்குள் போகும். அந்தப் படியில்தான் பாத்திரம் கழுவுகிறார்கள், துணி துவைக்கிறார்கள், குளிக்கிறார்கள். பிள்ளைகள் படகில் பள்ளிக்கூடம் போகிறார்கள். காஸ் சிலிண்டர் படகில் வருகிறது. படியில் குளித்துக்கொண்டிருக்கும் பெண்ணை நோக்கி நம் படகின் மேல்தளத்திலிருந்து செல்போன்கள் நீள்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் பாதிக் குளியலில் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் வீட்டு வாசலில் அவருக்கு நேர்ந்தது அது. படம் எடுத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

இன்னொரு விஷயம், ஆலப்புழையை ஒட்டிய தாழ்நிலமான குட்டநாட்டின் வயல்கள். இங்கே கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது, சில இடங்களில் இரண்டு மீட்டர் வரை கீழே. காயல் சேற்றை அள்ளி வரப்பு கட்டி, உள்ளே தேங்கும் நீரை இறைத்து வெளியே தள்ளி, அந்தப் பள்ளத்தில் விதைக்கிறார்கள். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2013-ல் இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. படகில் உட்கார்ந்து பார்த்தால் நம் இருக்கையை விடத் தாழ்வாக வயல் தெரியும். முதல் முறை பார்க்கிறவர்கள் வியந்துபோவார்கள். அந்த வயலுக்கும் காயலுக்கும் நடுவில் இருப்பது ஒரு வரப்பு மட்டுமே. வேகமாகப் போகும் படகு கிளப்பும் அலை அதை அரிக்கிறது. "அண்ணே, கொஞ்சம் வேகமா விடுங்க" என்று ஓட்டுநரை விரட்டும்போது இது நினைவில் இருக்கட்டும். 2018 வெள்ளத்தில் குட்டநாட்டு மக்கள் பெரும்பாலோர் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிநீருக்கு அவர்கள் படும் பாடு வருடம் தவறாமல் தொடர்கிறது.

அப்புறம், மாலை ஐந்தரைக்குப் படகை ஏன் கட்டிவிடுகிறார்கள் என்று சண்டை போடுகிற குழுக்கள் உண்டு. காசு கொடுத்திருக்கிறோமே, இன்னும் ஒரு மணிநேரம் ஓட்டினால் என்ன என்று கேட்கிறார்கள். அந்த நேரத்துக்கு மேல் காயல் மீனவர்களுடையது. அவர்கள் வலை விரிக்கும் நேரம் அது. படகின் விசிறி ஒரு வலையைக் கிழித்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போயிற்று. மதியம் நம் தட்டில் வந்த கரிமீன் அந்தப் பக்கத்து வலைக்காரர்களுடைய உழைப்பாகவும் இருக்கலாம். ஓட்டுநரோடு வாதாடாதீர்கள். கட்டிய படகில் இருட்டும்வரை சும்மா உட்கார்ந்திருப்பதே பயணத்தின் நல்ல பகுதி, பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டால்.

கழிவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். வேம்பநாட்டுக் காயல் 2002-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. படகு வீடுகளின் கழிவு அதில் கலக்கிறது என்ற புகார் நீண்ட காலமாக இருக்கிறது. முன்பதிவு செய்யும்போது குளிர்சாதனம் எத்தனை மணிக்குப் போடுவீர்கள், மெனுவில் என்ன இருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்கிறோம். கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்கிறீர்கள் என்று கேட்பதில்லை. கேளுங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பத்துக் குழுக்கள் கேட்டால் உரிமையாளர் பதில் தயாராக வைத்திருப்பார். நல்ல முறையில் நடத்துகிறவர்கள் அங்கே நிறையப் பேர், இந்தக் கேள்வி அவர்களுக்குத்தான் உதவும். நம் பங்குக்கு, தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும் காயலில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உயிர்க் கவசம் (லைஃப் ஜாக்கெட்) அணிவது முதலான பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டத்துத் தானூரில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். படகில் எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்டு, அதற்கு மேல் ஒருவரைக்கூட ஏற்றாதீர்கள். "சின்னப் பையன்தானே, மடியில் வைத்துக்கொள்கிறோம்" என்பது வேண்டாம். எதையாவது பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். குடித்துவிட்டு ராத்திரியில் படகின் விளிம்பில் உட்காருகிறவரை உள்ளே அழைத்துவருவது உங்கள் பொறுப்பு. நம்மில் நீச்சல் தெரிந்தவர்கள் குறைவு என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, ஊருக்குள் வருவோம். படகு வீட்டிலிருந்து இறங்கியதும் நேராக மூணாறுக்கோ கொச்சிக்கோ வண்டியைத் திருப்பிவிடுகிறோம். ஆலப்புழை நகரத்தை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. 1762-ல் துறைமுகமாகத் திறக்கப்பட்ட ஊர் அது. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் அதை வளர்த்தெடுத்தார். நகரத்தின் குறுக்கே இணையாக ஓடும் இரண்டு கால்வாய்களும் காயலையும் கடற்கரையையும் இணைக்க வெட்டப்பட்டவை. உள்நாட்டிலிருந்து மிளகும் ஏலமும் கொப்பரையும் வள்ளங்களில் ஏறி, காயல் கடந்து, இந்தக் கால்வாய்கள் வழியாகக் கடலோரக் கிடங்குகளுக்கு வந்தன. குஜராத்தி வணிகர்கள் வந்து குடியேறினார்கள். 1859-ல் இங்கே கயிறுத் தொழிற்சாலை வந்தது. 1862-ல் கலங்கரை விளக்கமும் கடலுக்குள் நீண்ட பாலமும் வந்தன. பிறகு கொச்சியில் பெரிய துறைமுகம் வளர, இங்கே கப்பல் வரத்து தேய்ந்தது. அந்தப் பாலத்தின் துருப்பிடித்த தூண்கள் இன்னும் கடலுக்குள் வரிசையாக நிற்கின்றன. எல்லோரும் அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு எடுக்கலாம். கால்வாய்க் கரையில் காலை வெயில் ஏறும் முன் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

கடலில் இறங்குவதைப் பற்றி: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும், கடலும் பொதுவாக அடங்கியிருக்கும். ஜூன் மழை தொடங்கிவிட்டால் கரையோடு நின்றுகொள்ளுங்கள். மழைக்காலம் அல்லாதபோதும் கள்ளக்கடல் என்று அங்கே சொல்லும் திடீர் அலைப்பெருக்கு வரும். காற்றோ மேகமோ எதுவும் முன்னறிவிக்காது. எங்கோ தொலைவில் தென்கடலில் வீசிய புயலின் அலை இங்கே வந்து ஏறும். எச்சரிக்கை வெளியாகும் நாளில் உள்ளூர்க்காரர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கடைசியாக ஒரு யோசனை. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைக்குத் தலைமையகமே ஆலப்புழையில்தான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. அங்கிருந்து கோட்டயத்துக்கு அரசுப் படகு போகிறது, ஏறக்குறைய இரண்டரை மணிநேரப் பயணம். கட்டணம் பேருந்துக் கட்டணம் போலத்தான், படகு வீட்டு வாடகையோடு ஒப்பிடவே முடியாது. அதே காயல், அதே தென்னை, அதே வயல். பக்கத்து இருக்கையில் சந்தைக்குப் போகிற பெண்ணும், வேலைக்குப் போகிற ஆளும் இருப்பார்கள். ஒவ்வொரு துறையிலும் நின்று ஆட்களை ஏற்றி இறக்கும். வேன் ஓட்டுநரைச் சாலை வழியாகக் கோட்டயம் வரச் சொல்லிவிட்டு, குழுவோடு இதில் ஏறுங்கள். ஊர்க்காரர்களுக்கு இது அன்றாடப் போக்குவரத்து. அதனால் பெரிய குழு என்றால் பள்ளி, அலுவலக நேரத்தைத் தவிர்த்து, இரண்டு மூன்று படகுகளில் பிரிந்து ஏறுங்கள். நேர அட்டவணை அவ்வப்போது மாறும். முதல் நாளே படகுத்துறையில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
காயல் வழியே பலமுறை பயணித்த ஒரு தமிழ்நாட்டுக்காரர்