தடையும் வாட்டும்: அளப்பதில்தான் பிழை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மாணவர் பக்கத்தில் ஓம் விதியையும் மின்திறன் சூத்திரத்தையும் வெளியிட்டது பயனுள்ள முயற்சி. மின்னழுத்தத்தை (வோல்ட்) மின்னோட்டத்தால் (ஆம்பியர்) வகுத்தால் தடை (ஓம்), இரண்டையும் பெருக்கினால் திறன் (வாட்). 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டரின் தடை ஏறக்குறைய 53 ஓம், திறன் 1000 வாட். கணக்கு இவ்வளவுதான். வோல்ட், ஆம்பியர் என்ற அந்த இரண்டு எண்களையும் எப்படி அளப்பது என்பதையும் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். தவறு பெரும்பாலும் அங்குதான் நேர்கிறது.

60 வாட் குண்டு பல்பை எடுத்துக்கொள்வோம். அணைந்திருக்கும்போது மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்தால் 65 ஓம் அளவில் காட்டும். 230-ன் வர்க்கத்தை அதால் வகுத்தால் 800 வாட்டுக்கு மேல் விடை வரும்! மீட்டரிலும் பழுதில்லை, சூத்திரத்திலும் பழுதில்லை. டங்ஸ்டன் இழை சூடேறினால் அதன் தடை பதின்மடங்குக்கு மேல் உயர்ந்து 880 ஓமைத் தொடுகிறது. எரியும் பல்பில் 230 வோல்ட், 0.26 ஆம்பியர் என்று அளந்து பெருக்கினால்தான் 60 வாட் கிடைக்கும். சுவிட்சைப் போடும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் பாய்வதும், பல்புகள் அந்த நேரத்திலேயே அதிகம் பியூஸ் ஆவதும் இதனால்தான்.

ஓம் நிலையில் அளக்கும்போது சப்ளை முழுவதுமாகத் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆம்பியர் மீட்டர் தொடரில், வோல்ட் மீட்டர் பக்க இணைப்பில். தடை குறைவான சுமை (மின்சாரத்தை எடுக்கும் சாதனம்) என்றால் வோல்ட் மீட்டரின் முனைகளைச் சுமையின் மீதே வைக்க வேண்டும். 0.5 ஓம் சுமையோடு ஆம்பியர் மீட்டரும் வயரும் சேர்ந்து 0.1 ஓம் இருக்குமானால், வோல்ட் மீட்டரைச் சப்ளை பக்கம் (ஆம்பியர் மீட்டருக்கு முன்பே) வைத்து அளப்பவருக்கு 0.6 ஓம் என்று வரும். 20 சதவீதப் பிழை. மெகா ஓம் அளவிலான தடைக்கு நிலைமை நேரெதிர். அங்கே வோல்ட் மீட்டர் எடுக்கும் சிறு மின்னோட்டமே கணக்கைக் கெடுக்கும் என்பதால் அதைச் சப்ளை பக்கம் வைப்பதே சரி.

மில்லி ஆம்பியரை அப்படியே போட்டுப் பெருக்குவது இன்னொரு வழக்கமான தவறு. 5 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் என்றால் 250 ஓம், 0.1 வாட். 20 என்றே போட்டால் 100 வாட் வரும். கால் வாட் வரை மட்டுமே தாங்கும் ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுப்பவர் இதில் கவனமாக இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் 100 ஓம் ரெசிஸ்டர் 1.44 வாட் வெப்பத்தை உமிழும். அங்கே கால் வாட் கருகிவிடும், 3 வாட் போடலாம்.

முக்கியமான எச்சரிக்கை: மின்னோட்டத்தை அளந்தபின் மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு மின்னழுத்தம் பார்க்கப் போகாதீர்கள். அது நேரடி ஷார்ட் சர்க்யூட். மீட்டரின் பியூஸ் போவதோடு நின்றால் நல்லது. தரமற்ற மீட்டர் கையிலேயே வெடிக்கக்கூடும். மெயின்ஸில், வயரைச் சுற்றிப் பிடித்தே மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரே பாதுகாப்பானது. அதன் வாய்க்குள் ஒரே ஒரு வயர்தான் போக வேண்டும்; பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் காட்டும்.

மோட்டார், ஃபேன் போன்றவற்றில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் கிடைப்பது வோல்ட் ஆம்பியர் மட்டுமே. 230 வோல்ட், 2 ஆம்பியர், பவர் ஃபேக்டர் (வோல்ட் ஆம்பியரில் உண்மைத் திறனாகும் பங்கு) 0.7 என்றால் உண்மைத் திறன் 460 அல்ல, 322 வாட். இவற்றையும் மாணவர் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மின்னியல் பயிற்றுநர்கள்