இன்னும் இருபது செகண்டு இழுங்கம்மா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் கடத்தல் தொடர்கதையை முதல் வாரத்திலிருந்து விடாமல் படிக்கிறேன். நல்ல விறுவிறுப்பு. கரும்புக் காட்டு வாய்க்காலில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடைத்த வாரம், என் மனைவி அடுப்பில் பாலைப் பொங்கவிட்டாள். ஆனால் போன வாரம் ஒரு இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. கடத்தியவன் செல்போனில் பேசுகிறான். பக்கத்தில் இருக்கும் இன்ஸ்பெக்டர் அந்தத் தாயிடம், 'இன்னும் இருபது செகண்டு இழுங்கம்மா' என்று சைகை காட்டுகிறார். ஐம்பத்தெட்டாவது செகண்டில் அவன் வைத்துவிடுகிறான். 'சே, ரெண்டு செகண்டில தப்பிச்சிட்டான்!'

எங்கே தப்பிப்பது? அந்த அம்மா 'ஹலோ' என்றதுமே அவன் எந்த நம்பரிலிருந்து, எந்த டவர் வழியாகப் பேசுகிறான், அவன் கையில் இருக்கும் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ என்ன என்பதெல்லாம் அவனுடைய செல்போன் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். அவன் பத்து செகண்டு பேசினாலும் பத்து நிமிஷம் பேசினாலும் ஒன்றுதான். (இன்டர்நெட் வழியாகப் பேசினால் அது வேறு கதை. இவன் அப்படிப் பேசவில்லை.)

அந்த ஒரு நிமிஷக் கணக்கு எங்கள் காலத்தது. 1974-ல் மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவன் நான். அப்போது பி அண்டு டி, அதாவது தபால் தந்தி இலாகா; தபால் வேறு, தொலைபேசி வேறு என்று பிரித்தது 1985-ல்தான். இருந்தது ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச்; செலக்டர் என்ற இயந்திரங்களே லைனை இணைக்கும். டயலில் 4 சுற்றினால் செலக்டரின் தண்டு நாலு படி மேலே ஏறும், அப்புறம் பக்கவாட்டில் திரும்பி, காலியாக இருக்கும் லைனைத் தேடும். இப்படி ஒவ்வொரு செலக்டராகத் தாண்டி, கூப்பிடும் வீட்டு லைனில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஃபைனல் செலக்டருக்கு வர வேண்டும். கூப்பிட்டது யார் என்று பிடிக்க, அந்த ஃபைனல் செலக்டரில் தொடங்கி ரேக் ரேக்காகப் பின்னால் நடக்க வேண்டும். அவன் ரிசீவரை வைத்தால் அத்தனையும் கடகடவென்று விழுந்து பழைய இடத்துக்குப் போய்விடும். ஒரு தடயமும் மிஞ்சாது.

1982-ல் ஒரு மொத்த வியாபாரியின் மகன் பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பவில்லை. பணம் கேட்டு ஒரு போன் வந்துவிட்டது. அடுத்த போனுக்காக ராத்திரி நான் ரேக் முன்னால் நின்றேன், பின்னால் சப்-இன்ஸ்பெக்டர். என் கழுத்தில் அவர் மூச்சு பட்டது. எட்டே முக்காலுக்குச் செலக்டர் ஏறியது. ஓடினேன். மூன்றாவது ரேக்கில் பார்த்தால் அது வேறு எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஜங்ஷன் லைன். அங்கே இருப்பவரைப் போனில் பிடித்து, லைன் நம்பரைச் சொல்லி வாய் மூடவில்லை, டக்கென்று செலக்டர் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பையன் மறுநாள் கிடைத்துவிட்டான். ஒரு பெட்டிக்கடைக்காரர் கொடுத்த துப்பு அது, எங்களால் அல்ல.

இன்னொன்று. கதையில் அவன் சிம் கார்டை உடைத்து ஆற்றில் எறிந்துவிட்டு அதே போனில் வேறு சிம் போடுகிறான், போலீஸ் முழிக்கிறது. புதுச் சிம்மோடும் போகப்போவது அந்தப் பழைய ஐஎம்இஐதான்!

எழுத்தாளருக்குப் பதைபதைப்பு வேண்டுமென்றால் இன்றைக்கும் இடம் இருக்கிறது. வரைபடத்தில் சிவப்புப் புள்ளி மினுக்கிக் காட்டும் வீட்டுக்கு ஜீப் நேராகப் போய் நிற்காது. கிராமத்தில் ஒரு டவர் பல கிலோமீட்டருக்கு எட்டும். போலீசுக்குத் தெரிவது அதில் எந்தப் பக்கம் என்பதுதான். அந்தப் பக்கத்துத் தோப்பு, பம்புசெட்டு, செங்கல் சூளை எல்லாவற்றிலும் ராத்திரியில் டார்ச்சோடு இறங்கித் தேட வேண்டும். அதை ஒரு அத்தியாயம் எழுதச் சொல்லுங்கள்.

குழந்தையை மட்டும் கொன்றுவிட வேண்டாம் என்று என் மனைவி எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொலைபேசி டெக்னீஷியன்,
மதுரை.