ஜீப் வர்ற வரைக்கும் கூட இருந்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி உக்காந்து நம்ம சாயங்காலப் படிப்பு மையத்தோட வரவு செலவு நோட்டை எழுதிக்கிட்டு இருந்தேன். பணமா கொடுத்தவங்க அத்தனை பேருக்கும் ரசீது இருக்கு, தேதி இருக்கு, எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இந்த மையம் படுத்துராம தாங்கிப் புடிச்ச ஆளுகள்ல முக்காவாசிப் பேரு அந்த நோட்டுலயே இல்ல. அதான் இந்த மடல். பேரு போடக்கூடாதுன்னு பாதிப் பேரு கண்டிஷனாவே சொல்லிட்டாங்க, அதனால வாயால கூப்பிடுற முறையை வச்சே எழுதுறேன், யாரு யாருன்னு ஊருக்குள்ள எல்லாருக்கும் தெரியும்.

வெளியூர்க்காரங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடுறேன். எங்க ஊரு கூடலூர், நீலகிரி கூடலூர் இல்லைங்க, தேனி மாவட்டத்துக் கூடலூர், கம்பத்துக்கும் லோயர்கேம்புக்கும் நடுவுல, நிமிந்து பாத்தா கேரளா மலை. எங்க தெருவுல அம்மா அப்பா ரெண்டு பேருமே ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்கதான் ஜாஸ்தி. வெள்ளன எந்திரிச்சு சோறு பொங்கி தூக்குல அடைச்சு ஆறு மணிக்குள்ள ஜீப் ஏறணும். ஏலக்காய் எடுக்குறது, பாக்காதவங்க நினைக்கிற மாதிரி நின்னுக்கிட்டு பறிக்கிற வேலை இல்ல, சரம் தூருல இருந்து கிளம்பி தரையோட தரையா ஓடும், குத்த வச்சுத்தான் எடுக்கணும், மழைக்கு மேல ஒரு சாக்கு, கீழ அட்டைக்கடி. எல்லாக் காயும் ஒண்ணா விளையாது, ஒரு சுத்து எடுத்து முடிச்சா முப்பது நாப்பது நாள்ல திரும்ப அதே செடிக்கு வரணும், ஆடியில ஆரம்பிச்சா தை தாண்டியும் ஓடும். சாயங்காலம் ஜீப் வந்து இறங்க ஆறரை ஏழு ஆயிரும். பள்ளிக்கூடம் விடுறது நாலேகால். நடுவுல இருக்குற அந்த ரெண்டரை மணி நேரந்தான் எங்க மையம், வேற பெருசா ஒண்ணும் இல்ல. நானும் அப்படி ஜீப்புல போன ஒரு அம்மாவோட மகதான், பூட்டுன வீட்டுத் திண்ணையில உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு கிடந்தவதான்.

ஆரம்பிச்சது கொரோனாவுல. 2020 மார்ச்ல மூடுன பள்ளிக்கூடம், ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. அது வரைக்கும் டிவியில பாடம் போன்ல பாடம்னு சொன்னாங்க, வீட்டுல உள்ள ஒரே போனு அப்பாவோட மலைக்குப் போயிரும். அஞ்சாவது போக வேண்டிய பையன் ஒருத்தன்கிட்ட உன் பேரை எழுதுடான்னு கொடுத்தேன், எழுதலைங்க, படம் வரையுற மாதிரி வரைஞ்சான், கீழ இருந்து மேல. அன்னைக்கு 11 புள்ளைகளோட என் வீட்டுத் திண்ணையில உக்காந்தது. அப்புறம் திண்ணை பத்தல, கோயில் கமிட்டிக்காரங்க மடத்தைத் திறந்து விட்டாங்க, கரண்டு பில்லு கூட இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. முதல் நன்றி அவுங்களுக்கு. (திருவிழா வாரத்துல மட்டும் ஸ்பீக்கர் சத்தத்துல ஒண்ணும் நடக்காது, அப்ப நாங்களும் லீவு விட்டுட்டு ராட்டினம் ஏறப் போயிருவோம்.)

ஜீப் அண்ணே, உங்களைத்தான் முதல்ல எழுதியிருக்கணும். ரெண்டு வருசம் முன்னாடி ஐப்பசி மழையில மலைப்பாதையில மரம் சாஞ்சு, இரைச்சல் பாலத்துக்கு மேல வண்டி எல்லாம் அப்படியே நின்னு போச்சுல்ல, ஞாபகம் இருக்கா. ஏழு ஆச்சு, எட்டு ஆச்சு, ஒரு அம்மாவும் வரல, டவரும் இல்ல, சின்னது ரெண்டு அழ ஆரம்பிச்சிருச்சு. நீங்க டவர் கிடைக்கிற வளைவு வரைக்கும் மழையில இறங்கி நடந்து வந்து போன் போட்டீங்க, "தங்கச்சி, புள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிராத, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம், லேட்டாகும்"னு. அவ்வளவுதான் பேசினீங்க. நான் போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் எடுத்தேன், மடத்துல இருந்த அத்தனை புள்ளைகளும் கேட்டுச்சுக. அழுகை அந்த நிமிசமே நின்னு போச்சு. ராத்திரி பத்தரைக்கு வந்து இறங்கினீங்க. அன்னையில இருந்து தினமும் மலையை விட்டு வண்டி கிளம்பும்போது எனக்கு ஒரு மிஸ்டு கால் வருது, அது வந்தா புள்ளைகளே பையை எடுத்து வைக்க ஆரம்பிச்சிரும். வண்டியில ஆளை அடைச்சு ஏத்துறதைப் பத்தி உங்ககூட நான் போட்ட சண்டை அப்படியே இருக்கு, அதை இந்த நன்றியில கழிச்சுக்கிட முடியாது அண்ணே.

அடுத்து குமுளி மாஷ். ரிட்டையர்டு கணக்கு வாத்தியார், மலையாளி, புதனும் சனியும் பஸ் ஏறி கீழ வந்துருவாரு. முதல்ல அவரு வரேன்னு சொன்னப்ப நான் தயங்குனேன், அதை இங்க ஒளிக்க விரும்பல. 2011 டிசம்பர்ல முல்லைப் பெரியாறு பிரச்சனை வந்து பார்டர் மூடுனப்ப எங்கம்மா மேல தோட்டத்துல மாட்டிக்கிட்டாங்க, ரெண்டு நாள் கழிச்சு ராத்திரியோட ராத்திரியா காட்டு வழியா நடந்தே இறங்கி வந்தாங்க, காலு ரெண்டும் கொப்புளம். அந்தப் பயம் எங்கயோ உள்ள கிடந்துச்சு. மாஷ் வந்த முதல் நாள் "குட்டிகளே, இவ்விட வா"ன்னு கூப்பிட்டாரு, மலையாளத்துல குட்டின்னா புள்ளை, அது தெரியாம புள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு, எங்களை ஆட்டுக்குட்டின்னு நினைச்சிட்டாருன்னு. ரெண்டாம் வாரம் அவரே ரெண்டாங்கிளாஸ் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு புள்ளைக வரிசையில உக்காந்து எழுத்துக்கூட்ட ஆரம்பிச்சாரு. வாசிப்பு வராம ஒளிஞ்சுக்கிட்டு இருந்த பயலுக எல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுக்குறேன்னு முன்னாடி வந்து உக்காந்துட்டானுக.

டேம் பேச்சை மட்டும் எடுக்கக்கூடாதுன்னு நாங்க எல்லாம் கண்ணால பேசி வச்சிருந்தோம், அதை எடுத்ததே மாஷ்தான். பேப்பர்ல தினம் வர்ற நீர்மட்டத்தைக் குறிச்சு கிராஃப் போடுங்கன்னு ஒரு பெரிய சார்ட்டை செவத்துல ஒட்டுனாரு. சுப்ரீம் கோர்ட்டு 2014ல தேக்கிக்கலாம்னு சொன்ன 142 அடிக்கு ஒரு சிவப்புக் கோடு. ஆசாரி பெரியப்பா பாத்துட்டு, 152லயும் ஒரு கோடு போடுங்க சார், எங்க டேமு அவ்வளவு தாங்கும்னாரு. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. மாஷ் சிரிச்சுக்கிட்டே, "போடலாம், பென்சில்ல போடு"ன்னாரு. அந்தப் பென்சில் கோடு இன்னமும் இருக்கு. எட்டாவது புள்ளைக இப்ப எந்த கிராஃபைக் கொடுத்தாலும் படிச்சுச் சொல்லும்.

ஆசாரி பெரியப்பாவுக்கு நான் நன்றி சொன்னா திட்டுவாரு. அவரு வந்தது ஆடுற பெஞ்சைச் சரி பண்ண. வந்த இடத்துல ஆறாவது பையன் ஒருத்தன் அரையையும் காலையும் கூட்டி "ஆறுல ரெண்டு"ன்னு எழுதி நான் மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்ததைப் பாத்தாரு. மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழ ரெண்டும் நாலும் ஆறு, அவன் கணக்குல அது சரி. பெரியப்பா காதுல இருந்த பென்சிலை எடுத்து பலகையில ஒரு இஞ்சுக்குக் கோடு போட்டு, "ஒரு இஞ்சுக்கு எத்தனை நூலுடா?"ன்னாரு. அவனுக்குத் தெரியல. டேப்பை நீட்டி எண்ணச் சொன்னாரு, எட்டு. "அரை இஞ்சு?" நாலு நூலு. "கால் இஞ்சு?" ரெண்டு நூலு. "ரெண்டையும் சேத்து வைடா, எங்க வந்து நிக்குது?" ஆறு நூலு, அவனே டேப்பைப் பாத்துட்டு "முக்கா இஞ்சு"ன்னு கத்துனான். நான் மூணு நாளாச் சொல்லிக்கொடுத்தது அந்த ஒரு இஞ்சுல முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறந்தான் சனிக்கிழமை தச்சு வேலை வகுப்பே வந்துச்சு. முதல்ல முக்காலி செஞ்சாங்க, மூணு காலும் மூணு உசரம். இப்ப மடத்துல இருக்குற எழுத்துப் பலகை அத்தனையும் புள்ளைக கையால செஞ்சது, நாலு மூலையும் மூலைமட்டம் வச்சுப் பாத்துக்கலாம். அந்தக் கூட்டத்துல இருந்து ரெண்டு பேரு இப்ப ஐடிஐ படிக்கிறாங்க, ஒருத்தன் எலக்ட்ரீஷியன், இன்னொருத்தன் ஃபிட்டர்.

தையல் அக்காவுக்கு, திருப்பூர்ல இருந்து மூட்டை மூட்டையா வெட்டுத்துணி அனுப்புற அண்ணனுக்கு, மாசம் தவறாம சுண்டலுக்குக் கடலை கொடுக்குற மளிகைக்கடை மாமாவுக்கு, சிலம்பம் சொல்லிக்கொடுக்குற தம்பிக்கு எல்லாம் நன்றி. பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்குத் தனியா ஒரு நன்றி. 2023 ஆகஸ்ட்ல காலைச் சாப்பாட்டுத் திட்டம் எல்லா ஊரு அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்ததுல இருந்து வரக்காப்பியோட வர்ற புள்ளைகளைப் பாக்குறது குறைஞ்சு போச்சுன்னு நீங்கதான் முதல்ல சொன்னீங்க, சாயங்காலம் எங்களுக்கும் அது தெரியுது.

இப்ப ஒரு மன்னிப்பு, நன்றி மடல்ல இது எதுக்குன்னு கேக்காதீங்க. எட்டாவதுல என்எம்எம்எஸ்னு மத்திய அரசு உதவித்தொகைப் பரீட்சை எழுதி ஒரு பாப்பா பாஸ் பண்ணா. ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் மாசம் ஆயிரம், வருசத்துக்கு 12,000, நாலு வருசத்துக்கு 48,000 ரூபா, அந்த வீட்டுக்கு அது எவ்வளவுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பாஸ் பண்ணா மட்டும் போதாது, போர்ட்டல்ல பதியணும், ஓடிபி வரணும். ஆதார்ல இருந்த நம்பர் அவ அப்பாவோடது, அவரு சிக்னலே இல்லாத தோட்டத்துல தங்கி வேலை. வந்ததும் பாத்துக்கலாம்னு சொன்னது நான்தான். அவரு இறங்கி வந்தப்ப தேதி முடிஞ்சு மூணு நாளு. அந்தப் பணம் அவளுக்கு வரவே இல்ல. அவ என்னை ஒரு வார்த்தை சொல்லல, அவ அம்மாவும் சொல்லல, அதான் இன்னமும் குத்துது. இப்ப பத்தாவது படிக்கிறா, தினமும் அரை மணி நேரம் சின்னதுகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்துட்டுத்தான் தன் புத்தகத்தை எடுக்குறா. பாப்பா, உனக்கு நான் பட்ட கடன் இந்த நோட்டுல ஏறாது.

பிரவுசிங் சென்டர் தம்பி, இந்தக் கதையைக் கேட்டுட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு என்கூட வீடு வீடா வந்தியே, எந்த ஆதார்ல எந்த நம்பர் இருக்கு, உசுரோட இருக்குற நம்பரா செத்துப் போன நம்பரான்னு எழுதுனியே, ஒரு டீ கூட குடிக்காம. அதுக்கப்புறம் நம்ம புள்ளைக யாருக்கும் ஓடிபியால எதுவும் கை நழுவல.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், மனசுல இருக்கு. ஒரு தடவை வேன் நிறைய ஆளு வந்து பேனர் கட்டி, நோட்டு கொடுக்குற மாதிரி நாலு தடவை போட்டோ எடுத்து, அதே நோட்டைத் திரும்ப வாங்கி அடுத்த புள்ளை கையில கொடுத்து எடுத்தாங்க. அவுங்க யாருன்னு சொல்லல, நல்லா இருக்கட்டும். அன்னையில இருந்து மடத்துல போட்டோ கிடையாது, உதவி பண்றவங்க யாரும் இதுக்காகக் கோவிச்சுக்கிடாதீங்க. புள்ளைக எப்படி இருக்குன்னு பாக்கணும்னா நாலரை மணிக்கு நேர்ல வாங்க, சுண்டல் உண்டு, ஆனா சும்மா உக்கார முடியாது, ஒருத்தியாச்சும் புத்தகத்தைக் கொண்டாந்து மடியில வச்சிருவா.

பெரியப்பா, கடைசியா உங்களுக்கு ஒரு தகவல். போன மாசத்துல இருந்து தேடிக்கிட்டு இருந்தீங்கள்ல, ரெண்டு நூல் உளி, அது கிடைச்சிருச்சு. அந்த ஆறுல ரெண்டு பயதான் எடுத்து வச்சிருந்தான், வீட்டுல அவங்கம்மாவுக்கு ஒரு மணை செய்யிறானாம், நீங்க பாக்குறதுக்கு முன்னாடி முடிக்கணுமாம். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. சனிக்கிழமை வரும்போது வேற உளி இருந்தா எடுத்துட்டு வாங்க.