எட்டாம் நாளையும் கவனியுங்கள்

கர்நாடக அரசின் சுகாதாரத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களில் தலையில் பலத்த அடிபட்டவர்களில் பலரை ஆம்புலன்ஸ் பெங்களூருக்கே கொண்டுவருகிறது. ஆகவே, ஊரிலிருந்து வரும் உறவினருக்காகக் கன்னடத்தில் பேசுவதும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அவர்களோடு காத்திருப்பதும் இங்கு வாழும் தமிழர்களாகிய எங்களுக்குப் பழகிப்போனவை. அந்தப் பழக்கத்தில் கண்டதையே எழுதுகிறோம்.

விபத்து நடந்த முதல் நாட்களுக்கு இப்போது ஓரளவு வழி பிறந்திருக்கிறது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமடைந்தவர் 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள், கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. சாரத்திலிருந்து விழுந்த கட்டடத் தொழிலாளிக்கு இவை பொருந்தா என்பது தனி வருத்தம்.

கடுமையான மூளைக்காயமோ ஏழு நாளில் முடிவதன்று. மண்டையோட்டுக்குள் உறைந்த இரத்தத்தை அகற்றிய பிறகும் மூளை வீங்கலாம். நினைவு திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை கழுத்தில் துளையிட்டுப் பொருத்திய குழாயில் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும், மூக்குவழிக் குழாயில் உணவு செலுத்த வேண்டும், படுக்கைப்புண் வராமல் அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

இவற்றுக்கு நரம்பியல் அறுவை மருத்துவர் பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் போதும். ஆனால் மாவட்ட, தாலுகா அளவில் அதற்கான இடம் அரிது என்பதால், வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டவரும் உயர்சிகிச்சைப் படுக்கையிலேயே கிடக்க நேர்கிறது. வாசலில் ஆம்புலன்ஸில் இருப்பவருக்கோ “பெட் இல்லை” என்ற பதில் கிடைக்கிறது. மாறாக, அவசர அவசரமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், குழாய் அடைத்தோ நிமோனியா கண்டோ மீண்டும் அவசரப் பிரிவுக்கே வந்து சேர்கிறார். அப்படிக் காலியான படுக்கையை மிச்சம் என்று எப்படிக் கணக்கிடுவது?

ஐ.சி.யூ. படுக்கைகளைக் கூட்டுவதாக அறிவிப்பது எளிது. திறப்பு விழாவும் நடத்தலாம். நாங்கள் கேட்பதில் அந்தப் பகட்டு இல்லை. கோலார், துமகூரு போன்ற மாவட்ட மருத்துவமனைகளில் தலைக்காயப் பின்சிகிச்சைக்கெனச் சில படுக்கைகளையும் செவிலியரையும் ஒதுக்குங்கள். அங்கே எடுக்கும் சி.டி. ஸ்கேனை, பெங்களூரில் மூளை, நரம்பு நோய்களுக்குச் சிகிச்சை தரும் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனத்தின் மருத்துவர்கள் இருந்த இடத்திலிருந்தே பார்த்துச் சொல்ல வழிசெய்தால், அறுவை தேவைப்படாத எத்தனையோ பேர் பெங்களூருக்கு வரவேண்டியிராது. எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்களின் பின்சிகிச்சையை ஓசூர், கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைகள் ஏற்பதற்குத் தமிழ்நாட்டு அரசுடன் எழுத்துப்பூர்வமான ஏற்பாடு ஒன்றும் வேண்டும். அனுப்புமுன் குழாய்ப் பராமரிப்பைக் குடும்பத்தில் இருவருக்காவது செய்துகாட்டிக் கற்பித்து, குறிப்பை அவர்கள் படிக்கும் மொழியிலேயே தர வேண்டும்.

இதற்கான செலவை அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பின்கீழ் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெங்களூரு வாழ் தமிழர் சிலர்